சடையனை உள்ளே அனுப்பிய நாக்கு

பூவரசங்கோட்டையை ஆண்ட துரைசிங்கப் பூபதி நல்ல ராஜாதான். ஆனால் கோபம் வந்தால் ஒரு சட்டம் போட்டுவிடுவார். கோபம் மறுநாளே தணிந்துவிடும்; சட்டம் தணியாது. அப்படி நின்றுபோன சட்டங்களில் ஒன்று: "அரசன் தீர்ப்பு தப்பு என்று சபையில் சொல்பவனின் நாக்கை அறுக்க வேண்டும்."

அந்தச் சபையில் அரசாங்கத்தின் சார்பில் குற்றவாளிகள்மேல் வழக்காடுகிறவர் அம்பலவாணர். அவருக்குச் சோறு போடுவதே நாக்குதான். ஆகையால் அந்தச் சட்டத்தைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை.

மாசி மாதத்தில் மகாராணியின் மரகதப் பதக்கம் பல்லக்கிலிருந்து காணாமல் போயிற்று. பல்லக்குத் தூக்கி சடையன் திரைக்குள் கையை விட்டதைத் தன் கண்ணால் கண்டதாக, பல்லக்குக் கொட்டிலின் மேற்பார்வைக்காரன் நாகலிங்கம் சாட்சி சொன்னான். அம்பலவாணர் எழுந்து பேசினார். மழை கொட்டியதுபோல் பேசினார். நம்பி ஏறிய தோளே குழியில் தள்ளியது என்றார். கூட்டத்தில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதில் ஒருவன் சடையன்.

"பதக்கத்தைத் திருடியவன் சாகும்வரை சிறையில் கிடக்கட்டும்!" என்றார் ராஜா. அம்பலவாணருக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார்கள்.

ஆவணியில் ஒரு நாள் அரண்மனைக்கு நகை செய்யும் ஆறுமுக ஆசாரி அம்பலவாணர் வீட்டு வாசலில் வந்து நின்றார். மடியிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மரகதப் பதக்கம்.

"உருக்கித் தரச் சொல்லி நாகலிங்கம் கொடுத்தானுங்க. நான் செஞ்ச நகை எனக்குத் தெரியாதா?"

அம்பலவாணர் நாகலிங்கத்தைக் கூப்பிட்டு விசாரித்தார். பதக்கத்தைக் கண்டதும் அவன் காலில் விழுந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். அவனைக் காவலில் வைத்துவிட்டு, அம்பலவாணர் நேரே ராஜாவின் முதல் மந்திரியான பிரதானி திருமலையப்பரிடம் போனார்.

பிரதானி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார். "நீர் ஜெயித்த வழக்குதானே?"

"ஆமாம்."

"ஜெயித்த வழக்கைத் தோண்டுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். ஒரு தீர்ப்பை மாற்றினால் நாளைக்கு ஊரில் எவன் பயப்படுவான்? போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும்."

அம்பலவாணர் சாப்பிடப் போகவில்லை. சிறைக்குப் போனார். சடையன் இளைத்துப் பாதியாகிக் கிடந்தான். பல்லக்குத் தண்டு அழுத்திக் காய்த்த தோள் மட்டும் அப்படியே இருந்தது. விஷயத்தைச் சொன்னார். அவன் குதிக்கவில்லை, அழவுமில்லை.

"அப்போ நான் எடுக்கலீங்களா?" என்று கேட்டான்.

"என்னப்பா கேள்வி இது?"

"இல்லீங்க... அன்னிக்கு நீங்க பேசினதைக் கேட்டப்புறம் எனக்கே சந்தேகமாப் போச்சு. நெனைவில்லாம எடுத்துட்டேனோன்னு தினமும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

 அம்பலவாணர் சிறைக் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

மறுநாள் சபை கூடியது. அம்பலவாணர் வணங்கி எழுந்தார்.

"அரசே, புது வழக்கு ஒன்று. தங்கள் கட்டளை ஒன்றை மாசி மாதத்திலிருந்து மீறி வருகிறார்கள்."

ராஜாவின் மீசை துடித்தது. "எவன் மீறியது? எந்தக் கட்டளை?"

"பதக்கத்தைத் திருடியவன் சிறையில் கிடக்கட்டும் என்றீர்கள். எழுத்தளவும் பிழையில்லாத தீர்ப்பு. ஆனால் திருடிய நாகலிங்கம் நேற்றுவரை வெளியே உலாத்திக்கொண்டிருந்தான். தீர்ப்புக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத சடையன் உள்ளே உட்கார்ந்து அரசாங்கக் கூழைக் குடித்துக்கொண்டிருக்கிறான்."

பதக்கம் ராஜாவின் கைக்குப் போயிற்று. ஆசாரி சாட்சி சொன்னார். நாகலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றான்.

பிரதானி துள்ளி எழுந்தார். "மகாராஜா! இவர் என்ன சொல்கிறார் என்று புரிகிறதா? தங்கள் தீர்ப்பு தப்பு!"

அம்பலவாணர் மெதுவாகப் பிரதானியின் பக்கம் திரும்பினார்.

"நான் பிழையில்லாத தீர்ப்பு என்றேன். பிரதானி இப்போது ஏதோ சொன்னாரே, அதைச் சபையோர் கேட்டிருப்பார்கள்."

பிரதானி கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

ராஜா பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி. என் கட்டளையை மீறியவன் யார்? ஆள் மாற்றி அடைத்தவன் யார்?"

"நான்தான், அரசே. திருடன் இவன் என்று கை நீட்டியது நான். தெரியாமல் நீட்டினேன், அது பிழை. தெரிந்தபிறகும் கையை மடக்காமல் இருந்தால் அது குற்றம். நேற்றுத் தெரிந்தது, இன்று வந்து நிற்கிறேன். தண்டனை எதுவானாலும் சரி. ஆனால் முதலில் அவனை வெளியே விடச் சொல்லுங்கள்."

"இதில் நான் செய்தது என்ன?"

"என்னை நம்பினீர்கள்."

ராஜாவின் மீசை ஓரம் அசைந்தது, வயிறு குலுங்கியது, கடைசியில் சபையே அதிரச் சிரித்தார். நாக்கறுக்கும் சட்டத்தை அந்தச் சிரிப்போடு சிரிப்பாக ரத்து செய்தார். பிரதானி கையை வாயிலிருந்து எடுத்தார்.

அன்று உச்சிப்பொழுதுக்குள் சடையன் வெளியே வந்தான். நாகலிங்கம் உள்ளே போனான். சடையனை ராஜா சபைக்கு அழைத்து, எல்லார் முன்னிலையிலும், "உன்மேல் குற்றமில்லை" என்று தம் வாயாலேயே சொன்னார். ஆற்றோரம் நன்செய் நிலமும் ஒரு ஜோடி மாடும் கொடுத்தார். சடையன் அம்பலவாணரைப் பார்த்து, "இதையும் நீங்க ஒரு தடவை சொல்லிடுங்க ஐயா. அப்பத்தான் எனக்கு நம்பிக்கை வரும்" என்றான். அவர் சொன்னார்.

"அம்பலவாணரே, உமக்கும் பரிசு உண்டு. என்ன வேண்டும்?" என்றார் ராஜா.

"சிறைச்சாலைச் சாவி வேண்டும், அரசே."

"சாவியா? எதற்கு?"

"நான் பேசி உள்ளே அனுப்பியவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். ஒவ்வொரு வழக்கையும் மறுபடி பார்க்க வேண்டும்."

"தாராளமாகப் பாரும். அதில் எத்தனை பேர் சடையனைப் போல இருப்பார்கள் என்று நினைக்கிறீர்?"

அம்பலவாணர் சாவிக்குக் கையை நீட்டினார்.

"அது நான் எவ்வளவு நன்றாகப் பேசியிருக்கிறேன் என்பதைப் பொறுத்தது, அரசே."