மூன்று நாள் சோறு

செங்கோடவர்ம ராஜா நல்ல மனுஷர். அவர் போட்ட சட்டமும் நல்ல சட்டம்தான். தாய் தந்தை இல்லாத பிள்ளையை யார் எடுத்து வளர்த்தாலும் மாதம் இரண்டு மரக்கால் நெல், வருஷத்துக்கு இரண்டு உடுப்பு அரண்மனையிலிருந்து போகும். இதில் குழப்பத்துக்கே இடமில்லை. ஆனால் எந்தப் பிள்ளைக்குத் தகுதி உண்டு என்று பார்க்கிற வேலையை ராஜா சபை அதிகாரி கச்சிராயரிடம் கொடுத்தார். குழப்பம் வந்துவிட்டது.

கச்சிராயருக்கு ஐம்பத்தெட்டு வயசு. பெரிய தொப்பை. அதைவிடப் பெரியது அவர் எழுதிய விதிகளின் ஓலைக்கட்டு. ராஜா ஒரு ஓலையில் சொன்னதை அவர் நூற்றுப்பத்து ஓலையில் எழுதி வைத்திருந்தார்.

கோட்டை வாசலில் ஆப்பம் சுட்டு விற்கிற பூவாத்தாள் இந்த ஓலைக்கட்டில்தான் வந்து மாட்டினாள். அவளுக்குச் சொந்தப் பிள்ளைகளே மூன்று. வெள்ளத்தில் தாய் தகப்பனைப் பறிகொடுத்த செம்பாயி என்கிற ஐந்து வயசுப் பெண் ஒரு நாள் அவள் அடுப்புப் பக்கம் வந்து நின்றது. பூவாத்தாள் ஆப்பம் கொடுத்தாள். பிள்ளை போகவே இல்லை. ஒரு மாதம் ஆயிற்று. அவளுக்கும் அனுப்ப மனசில்லை. மாவுதான் பத்தவில்லை. நெல் கேட்டுக் கச்சிராயரிடம் போனாள்.

பிள்ளைக்கு யார் சோறு போடுகிறார்கள் என்று அவர் கேட்டார். நான்தான் என்றாள். மூன்று நாளுக்கு மேல் போட்டாயா என்றார். ஒரு மாசமா போடுறேன் என்று பெருமையாகச் சொன்னாள்.

"அப்படியானால் தகுதி இல்லை. இந்தப் பிள்ளைக்குத் தாய் இருக்கிறாள்."

பூவாத்தாள் திரும்பிப் பார்த்தாள். "எங்கேங்க?"

"நீதான்."

விதி முப்பத்தொன்பதை எடுத்து வாசித்தார். தொடர்ந்து மூன்று நாள் சோறு போட்டவர், அதைச் சாப்பிட்டவருக்குத் தாய் தந்தை ஆவார். அப்போ மூணு நாள் பட்டினி போட்டுக் கூட்டி வந்தா நெல் கிடைக்குமா என்று அவள் கேட்டாள். அதற்கும் விதி நாற்பது இருந்தது. பட்டினி போட்டவளிடம் பிள்ளையை விடக்கூடாது. வளர்க்க முடியவில்லை என்றால் வெள்ளிக்கிழமை வண்டியில் எல்லைச் சத்திரத்துக்கு அனுப்பிவிடலாம் என்றார் கச்சிராயர். யாருமில்லாத பிள்ளைகளை வைத்திருக்கிற அந்தச் சத்திரம் எட்டு நாள் தூரம். அன்றைக்குப் புதன்கிழமை.

மறுநாள் காலை அவள் சுட்ட ஆப்பமெல்லாம் கருகியது. முதல் ஆப்பம் மயிலேறிக்குப் போயிற்று. மயிலேறி அரண்மனைச் சபையில் இருப்பவன். அங்கே அவனுக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது, ராஜாவுக்கு மட்டும் அவன் இல்லாவிட்டால் சபை நடக்காது. கருகலைத் தின்றுகொண்டே கதையைக் கேட்டான். முடிவில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"கச்சிராயர் மதியம் எங்கே சாப்பிடுகிறார், தெரியுமா?"

பூவாத்தாளுக்கு எரிச்சல் வந்தது. என் பிள்ளை போகப்போகுது, உமக்கு அந்தாள் சாப்பாடா முக்கியம் என்றாள். மதியம் சபைக்குப் பிள்ளையோடு வந்துவிடு என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து போய்விட்டான்.

போனாள். செம்பாயி ராஜாவைப் பார்க்காமல் ராஜாவின் நாலு வயசு இளவரசனையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் கையில் அதிரசம். பூவாத்தாள் வழக்கைச் சொல்லி முடித்தாள். ராஜாவுக்கு முகம் வாடியது. விதியைக் கொஞ்சம் தளர்த்தக்கூடாதா என்று கேட்டார்.

கச்சிராயர் நெஞ்சை நிமிர்த்தினார். "மகாராஜா, விதி எல்லோருக்கும் ஒன்று. ஆப்பக்காரிக்கும் ஒன்றுதான், அரண்மனைக்கும் ஒன்றுதான்."

மயிலேறி மெல்ல எழுந்தான். "ராயரே, இன்றைக்கு மதியம் என்ன சாப்பாடு?"

நல்ல கேள்வி என்று கச்சிராயர் உற்சாகமாகிவிட்டார். கத்தரிக்காய்க் கூட்டு, வாழைப்பூ வடை, பாயசம் இரண்டு தரம் என்று அடுக்கினார். சபையில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் மதியச் சாப்பாடு அரண்மனையில்தான். முதல் இலை கச்சிராயருடையது.

"எத்தனை காலமாக?"

"மகாராஜா பட்டத்துக்கு வந்த ஒன்பது வருஷமாக. ஒரு நாள் தவறியதில்லை. மகாராஜா போடும் சோறுதான் இந்த உடம்பு." கண்கூடக் கலங்கிவிட்டது அவருக்கு.

மயிலேறி நேராகப் போய் அவர் காலில் விழுந்தான். "இளவரசே, இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே."

சபை ஒன்றும் புரியாமல் பார்த்தது. ராஜாவுக்கு வயசு முப்பத்திரண்டு.

"மூன்று நாள் போதும் என்கிறது விதி. இவர் ஒன்பது வருஷம் சாப்பிட்டிருக்கிறார்," என்றான் மயிலேறி. "மகாராஜா, இவர் உங்கள் மூத்த மகன். சின்ன இளவரசருக்கு வயசு நாலுதான். முறைப்படி பட்டம் யாருக்கு என்று ராயரே சொல்லட்டும்."

ராஜா சிரிக்கவில்லை. கையை மெதுவாக வாளின் பிடிமேல் வைத்தார். "பட்டம் கேட்கிறீரா, கச்சிராயரே?"

கச்சிராயருக்கு வேர்த்து ஊற்றியது. தொப்பை தனியாக நடுங்கியது. "ஐயோ, நான் பிள்ளை இல்லை மகாராஜா. சோறுதான் தின்றேன். சோறு போட்டவரெல்லாம் அப்பனாகிவிட முடியுமா?"

"இதை எழுதிக்கொள்ளுங்கள்," என்று மயிலேறி எழுத்தரிடம் சொன்னான். "விதி முப்பத்தொன்பதுக்குப் பதில் இது."

அதற்குமேல் ராஜாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாளை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். செம்பாயிக்கு அன்றைக்கே நெல்லும் பாவாடையும் வந்தன. இளவரசனின் அதிரசத்தில் பாதியும் எப்படியோ அதன் வாய்க்குள் வந்திருந்தது. மயிலேறிக்கு முத்துமாலை. பூவாத்தாள் அவனிடம், நாளைக்குக் கருகாத ஆப்பம் தருகிறேன் என்றாள்.

கச்சிராயர் ஓலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் நழுவப் பார்த்தார். ராஜா கூப்பிட்டார்.

"ராயரே, நாளையிலிருந்து மூன்றாம் நாள் தோறும் வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுவந்துவிடும். எனக்கு ஒரு பிள்ளையே போதும்."