சொர்ணத்தாயின் தேயாத செருப்பு

“செருப்பைப் பத்தி எல்லாத்தையும் படிச்சிட்டு வா, ஆனா…” என்று, ஜெர்மனிக்குக் கிளம்பிய அன்று ரயிலடியில் அப்பா ஏதோ சொன்னார். அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு வந்தது தனசிங்குக்கு நினைவில்லை.

இருபத்திரண்டு வருஷம் ஜெர்மனியில் செருப்பு வடிவமைத்தவர், நாற்பத்தெட்டு வயதில் பாளையங்கோட்டைக்குத் திரும்பி, தன்னைவிடப் பத்து வயது இளைய பரிமளத்திடம் வேலை கற்கச் சேர்ந்திருந்தார். நோய்ப்பட்ட கால்களுக்குச் செருப்பு தைப்பவர் பரிமளம். பட்டறையில் எல்லாருக்கும் அவர் மாஸ்டர்.

“எங்கே தப்புன்னு தெரியலை மாஸ்டர்,” என்றார் தனசிங்.

அவர் செருப்பு தைத்துக் கொடுக்கும் சொர்ணத்தாய்க்குச் சர்க்கரை நோய். பாதம் மரத்துப்போய், ஆணி ஏறினாலும் தெரியாது. ஒரு விரல் ஏற்கெனவே போயாயிற்று. பெருவிரலுக்குக் கீழே உள்ள புண் இந்தத் தடவையும் ஆறாவிட்டால் பாதத்தையே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தனசிங் மூன்று ஜோடி தைத்துக் கொடுத்துப் பார்த்தார். மெத்தென்ற ரப்பர்; புண்ணுக்கு நேரே குழி. புண் ஆறவில்லை. நாலாவதில் குழியை இன்னும் ஆழமாக்கலாமா என்று கேட்டார்.

“தினமும் போடுதாவளா?”

“தினமும். பொய் சொல்ற ஆளில்லை.”

பரிமளம் கத்தியை வைத்துவிட்டுக் குடையை எடுத்தார்.

“வாங்க ஜெர்மனி அண்ணாச்சி. அவிய வீட்டுல ஒரு காப்பி குடிச்சிட்டு வருவோம்.”

சொர்ணத்தாய் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்பவர். உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டரே வந்திருக்காவளே என்று அங்கிருந்தே வரவேற்றார்.

தனசிங் ஷூவைக் கழற்றிச் சுவரோரம் விட்டார். உள்ளே ஓர் அடி வைத்தார்.

“அண்ணாச்சி,” என்றார் பின்னால் நின்ற பரிமளம். “எதுக்குக் கழட்டுனிய?”

“வீட்டுக்குள்ள வர்றோமில்ல மாஸ்டர்.”

பரிமளம் சுவரோரத்தைப் பார்த்தார்.

தனசிங் திரும்பிப் பார்த்தார். அவருடைய ஷூவுக்குப் பக்கத்தில் மூன்றாவது ஜோடி இருந்தது. இரண்டு மாதமாகியும் அடி தேயவில்லை. செருப்பைக் கழற்றும் இடத்தைப் பற்றித்தான் அப்பா அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

உள்ளே, கட்டுப் போட்ட வெறுங்காலோடு சொர்ணத்தாய் சிமெண்டுத் தரையில் கிரைண்டருக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வெளியே போவீர்கள் என்று தனசிங் கேட்டார். கடைக்குப் போனால் அரை மணி நேரம், செருப்பில்லாமல் படி இறங்குவதே இல்லை என்று பெருமையாகச் சொன்னார் சொர்ணத்தாய்.

“இனிமே வீட்டுக்குள்ளயும் போடுங்கம்மா.”

“சாமி இருக்க வீட்டுலயா? அதுக்குக் காலையே எடுத்துக்கிடட்டும்.”

தனசிங் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தன் செருப்பையும் வாசலில் விட்டுவிட்டு வந்து, சொர்ணத்தாய் கொடுத்த காப்பியை ஆற்ற ஆரம்பித்திருந்தார்.

கிரைண்டர் நின்றது.

“தோலில்லாம, தெருவையே மிதிக்காம ஒண்ணு இருந்தா?” என்றார் தனசிங் மெல்ல.

சொர்ணத்தாய் யோசித்தார். தெருவை மிதிக்காவிட்டால் அதைச் செருப்பில் எப்படிச் சேர்ப்பது என்று மாஸ்டரிடம் கேட்டார். மாஸ்டர் காப்பியை உறிஞ்சினார். பழைய நூல் சேலை ஒன்று கிடக்கு, அது ஆகுமா என்றார் சொர்ணத்தாய்.

நாலாவது ஜோடியை, தெருவே படாதபடி, அந்தச் சேலையிலேயே, அந்த அடுப்படியிலேயே உட்கார்ந்து தைப்பதென்று தனசிங் முடிவு செய்தார்.