நீல நோட்டு

"ரெஜினாம்மா, ஒரு கணக்கு சொல்லு. எத்தனை நாளைக்கு ஒரு தடவை செய்யணும்?"

பூமிநாதன் அண்ணாச்சி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்காமல் இருப்பாரா?

ரத்த வங்கியின் கம்ப்யூட்டர் அறைக்கு அவர் மாற்றலாகி வந்து பத்தே நாள். ஐம்பத்தோரு வயசு. டேட்டாபேஸையும் வீடு பெருக்குவது மாதிரி தினமும் சுத்தம் செய்தால் நல்லது என்று நினைத்துவிட்டார் மனுஷன். காலை பத்து மணிக்கு எல்லா டேபிளுக்கும், அதாவது உள்ளே இருக்கிற பட்டியல்களுக்கெல்லாம், வேகமாகத் தேட உதவும் இன்டெக்ஸைக் கலைத்துப் புதிதாகக் கட்ட ஏற்பாடு செய்துவைத்தார். கட்டி முடிகிறவரை டேபிள் பூட்டிக்கிடக்கும். யாரையும் தேட முடியாது.

இன்று பத்து ஐந்துக்குப் பிரசவ வார்டிலிருந்து போன். ஓ நெகட்டிவ், உடனே வேண்டும்.

தேடினால் திரையில் வட்டம் சுற்றுகிறது.

அந்த அறையின் பழைய ஆள், முப்பத்து மூன்று வயசு ரெஜினாதான் ஓடிவந்து அந்த வேலையை நிறுத்தினாள். ரத்தம் கொடுக்கிற ஒருவர் பெயர் வந்தது. போன் போட்டதும் அந்த ஆளும் உடனே வண்டியை எடுத்துவிட்டார். தாய் பிழைத்தாளா என்று இன்னும் தெரியாது.

"வாரம் ஒரு தடவையா? மாசம் ஒரு தடவையா? நீ சொல்லுத நம்பரை அப்படியே பிடிச்சுக்கிடுதேன்."

ரெஜினா ஒரு நீல நோட்டை எடுத்து அவர் முன்னால் போட்டாள்.

"பதினோரு வருஷமா நான் செஞ்சதும் செய்யாம விட்டதும் இதுல இருக்கு. நம்பர் இருந்தா எடுத்துக்கிடுங்க."

அண்ணாச்சி புரட்டினார். எரிச்சல் வந்தது.

"என்னம்மா இது? ரத்தம் குடுக்கவங்க டேபிளை அஞ்சு மாசம் தொடவே இல்ல! அப்புறம் அடுத்தடுத்து ரெண்டு நாள். ரத்த இருப்பு டேபிளை ஒரே வாரத்துல நாலு தடவை. ஒரு ஒழுங்கு வேண்டாமா?"

"பக்கத்துல உள்ளதையும் வாசிங்க அண்ணாச்சி."

ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் பென்சிலில் ஒரு வரி இருந்தது.

கல்லூரி முகாம். தொள்ளாயிரம் பேர் புதுசு.

டெங்கு. பைகள் வருவதும் போவதுமாக இருக்கிறது. தேடல் மந்தம்.

மழை. முகாம் இல்லை. ஒன்றும் மாறவில்லை.

பாலத்தில் பஸ் கவிழ்ந்தது. இன்று எதையும் தொடக்கூடாது.

அம்மாடி! அந்தப் பஸ்ஸில்தான் அவர் தங்கச்சி மகள் வந்தாள். ஏழு பை ரத்தம் ஏற்றிப் பிழைத்தவள்.

அண்ணாச்சி நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முதல் பக்கத்திலிருந்து திரும்பவும் வாசித்தார்.

போன் அடித்தது. அவர்தான் எடுத்தார். கேட்டார். வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்போ சொல்லுங்க, எத்தனை நாளைக்கு ஒரு தடவை?" என்றாள் ரெஜினா.

"அந்தப் பென்சிலைக் கொடும்மா."

இன்றைய தேதியைப் போட்டார். பக்கத்தில் மெதுவாக எழுதினார்.

பெண் குழந்தை. தாயும் சுகம். இன்று தொட்டது தப்பு.