தொடையில் எடுத்த ரத்தம்

“நம்பர் இவ்வளவு தெளிவா இருக்கு. ஏன் மேடம் கையெழுத்துப் போட மாட்டேங்கிறீங்க?” என்று கேட்டார் இன்பசேகரன்.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. உணவுக் கலப்படப் பிரிவிலிருந்து தடய அறிவியல் ஆய்வகத்தின் நச்சியல் பிரிவுக்கு மாறி வந்து மூன்று மாதம் ஆகிறது. இங்கே அவருக்கு வேலை கற்றுத் தரும் மெஹருன்னிசா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

இறந்தவர் புற்றுநோயாளி. வலிக்காக எட்டு மாதமாகத் தோலில் ‘ஃபென்டனில்’ என்ற வலிநீக்கி மருந்துள்ள பேட்ச் ஒட்டிக்கொண்டிருந்தார். மனைவி ஸ்டெல்லா கூடுதலாக ஒட்டிக் கொன்றுவிட்டாள் என்று இறந்தவரின் தம்பி போலீசில் புகார் கொடுத்திருந்தார்.

ரத்தத்தில் இருந்த அளவு, ஆளைக் கொல்லும் என்று புத்தகத்தில் போட்டிருந்த அளவைத் தாண்டியிருந்தது.

“எங்க எடுத்த ரத்தம் சார்?”

“இதயத்துல.”

மெஹருன்னிசா கண்ணாடி டம்ளரில் வெந்நீர் ஊற்றி, ஒரு டிப் டீ பையைப் போட்டார். அசைக்கவில்லை.

பையைச் சுற்றி நிறம் மெதுவாக இறங்கியது.

“யாரு கலக்கினாங்க?”

இன்பசேகரன் டம்ளரைப் பார்த்தார். நுரையீரலும் ஈரலும் பிடித்து வைத்திருந்த மருந்து, உயிர் போன பிறகும் பக்கத்திலிருக்கும் இதயத்துக்குள் கசியும். எப்போதோ படித்ததுதான்.

ஃப்ரிட்ஜில் இன்னொரு பாட்டில் இருந்தது. இதயத்திலிருந்து தள்ளி, தொடையில் எடுத்த ரத்தம். சீல் உடைபடவில்லை.

மறுநாள் மதியம் முடிவு வந்தது. முதல் எண்ணில் கால்வாசிகூட இல்லை. மாதக்கணக்கில் பேட்ச் ஒட்டுகிறவர்களிடம் வழக்கமாக இருக்கும் அளவு. உடம்பில் ஒரே ஒரு பேட்ச்தான் இருந்தது என்று பிரேதப் பரிசோதனைக் குறிப்பும் சொன்னது.

மெஹருன்னிசா கையெழுத்துப் போட்டார்.

அறிக்கை போன அன்றே இன்ஸ்பெக்டர் போன் செய்தார். பழைய பேட்சை உரிக்காமல் புதியதை ஒட்டிவிட்டோமோ என்று ஸ்டெல்லாவுக்கே சந்தேகம் இருந்ததாம். சரியாகச் சாப்பிட்டு எத்தனையோ நாளாம். விஷயத்தைச் சொன்னதும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அழுது தீர்த்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டாராம். அதை இன்ஸ்பெக்டர் அப்படியே ஆய்வகத்திடம் கேட்டார்.

இன்பசேகரன் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார்.

“அவர் வலியோட போனாரான்னு கேக்கறாங்க மேடம்.”

மெஹருன்னிசா அறிக்கையின் நகலைத் திருப்பி, அந்தச் சின்ன எண்ணின் மேல் விரலை வைத்தார்.

“மருந்து கடைசிவரைக்கும் உள்ள இருந்திருக்கு சார்.”

இன்பசேகரன் கையை எடுத்தார்.

“போனை அந்த அம்மாகிட்டயே குடுங்க,” என்றார்.