நட்டநடுவில் நின்ற தார் டிரம்

நான்கு சாலைகள் கூடும் ஓரிடத்தில் முன்பு ஒரு சிக்னல் விளக்கு வேலை பார்த்தது. "சிவப்பைக் காட்டினால் ஹார்ன் அடிக்கிறார்கள். மஞ்சளைக் காட்டினால் பாய்கிறார்கள். போதுமடா சாமி!" என்று அது ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு அங்கே முட்டிக்கொள்ளாத வண்டி இல்லை. மொபெட்டில் முட்டை கொண்டுபோகும் சாதிக் பாய் ஒரே மாதத்தில் மூன்று முறை விழுந்து எழுந்தார்.

பொறுத்துப் பார்த்த ஏட்டு மாரப்பன், காலியான தார் டிரம் ஒன்றுக்கு வெள்ளையடித்து, மண் நிரப்பி, நட்டநடுவில் நிறுத்தினார்.

"ஏழு நாள் சோதனை. எல்லாரும் இதைச் சுத்தித்தான் போகோணும்."

டிரம் அன்று வாங்காத பேச்சில்லை.

"ஏனுங்க ஏட்டய்யா, நேராப் போற ரோட்டுல இந்தத் தொப்பைக்காரனை எதுக்கு நிறுத்துனீங்க?" என்றார் ஒரு புல்லட்காரர்.

"நகருடா!" என்று உறுமியது ஒரு லாரி.

"நான் நகர மாட்டேன். உனக்குத்தான் சக்கரம் இருக்கிறதே, நீ சுற்று!" என்றது டிரம்.

திட்டிக்கொண்டே சுற்றினார்கள். சுற்ற வேண்டியிருந்ததால் வேகம் தானாகக் குறைந்தது. சாதிக் பாய் தினமும் ஒரு முட்டைகூட உடையாமல் கடந்தார். போகிற போக்கில் டிரம்மின் தலையில் ஒரு தட்டு தட்டுவார். அதற்காகவே டிரம் காலையில் காத்திருக்கும்.

எட்டாம் நாள் அதிகாரி வந்தார்.

"ஏழு நாளில் எத்தனை விபத்து?"

"ஒண்ணுகூட இல்லீங்க ஐயா!" மாரப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"விபத்தே நடக்காத இடத்தில் இது எதற்கு? ஓரமாக எடுத்துப் போடுங்கள்."

"ஐயா, இது இருந்ததாலதானுங்க..."

ஜீப் போய்விட்டது.

டிரம் சிக்னல் கம்பத்தின் அடிக்கு வந்து சேர்ந்தது.

"என்ன தப்பு செய்தாய்?" என்று கேட்டது சிக்னல்.

"யாரையும் விழ விடவில்லை."

"அடப் பாவி! ஒன்றிரண்டு பேரையாவது விட்டிருக்கலாமே!"

டிரம்மை எடுத்த மூன்றாம் நாள் காலை, நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் ஹார்ன் அலறியது. அந்த லாரிதான். முட்டை அட்டைகள் பறந்தன. சாதிக் பாயால் இந்த முறை எழுந்திருக்க முடியவில்லை. காலைப் பிடித்தபடி முனகியவரை நான்கு பேர் ஆட்டோவில் ஏற்றினார்கள்.

மாரப்பன் ஓர் இரும்புச் சட்டியோடு டிரம்மிடம் ஓடிவந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு மண்ணை அள்ளினார். முட்டை மஞ்சளும் ரத்தமும் கலந்து கிடந்த இடத்தில் கொட்டினார். மறுபடி வந்து அள்ளினார்.

மண் மட்டும் நட்டநடுவுக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. டிரம் ஓரத்திலேயே நின்றது.