இடது வரிசைப் பந்தி

"டீச்சரம்மா, உங்க இல்லத்துல இலைக்கு உப்பு வைக்கிற வழக்கமே கிடையாதா?"

கேட்டவர் அம்பலவாணன். காரைக்குடிப் பக்கம் கல்யாணப் பந்திகளில் முப்பத்துநாலு வருஷம் விசாரிப்பு பார்த்தவர்.

விசாரிப்பு என்றால் கரண்டி பிடிக்கிற வேலை இல்லை. இரண்டு வரிசைக்கும் நடுவே நடக்க வேண்டும். எந்த இலையில் எது குறைகிறது என்று ஒரே பார்வையில் பிடித்து, பரிமாறுகிற ஆளை விரட்ட வேண்டும். அவர் விசாரித்த பந்தியிலிருந்து அரைவயிற்றோடு எழுந்தவர் ஒருத்தர் கிடையாது. இதை அவரே சொல்வார், நாம் கேட்காவிட்டாலும்.

அப்படிப்பட்ட மனுஷன் ஒரு மண்டபத்துப் படியில், யாரோ கொட்டிய ரசத்தில் வழுக்கி விழுந்தார். தலையின் வலப்பக்கம் அடி. உள்ளே ரத்தம் கட்டி, ஆபரேஷன் செய்து, பிழைத்தார். பேச்சு போகவில்லை. கோபமும் போகவில்லை. இடப்பக்கம் மட்டும் போய்விட்டது.

கை கால் விளங்காமல் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். கோலை ஊன்றி நன்றாகவே நடக்கிறார். கண்ணிலும் கோளாறில்லை. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதை மூளை விட்டுவிட்டது, அவ்வளவுதான். சவரம் செய்தால் வலது கன்னம் மட்டும் பளபளக்கும். இலையில் வலது பாதியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, மிச்சப் பாதியில் கை படாமல் எழுந்துவிடுவார். உப்பும் ஊறுகாயும் இனிப்பும் எந்தப் பக்கம் வைப்பார்கள்? நமக்குத் தெரியும். அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

தலையில் அடிபட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற இல்லம் அது. ஷாஹிதாதான் பயிற்சியாளர். முப்பது வயசு இருந்தால் அதிகம். அங்கே இருக்கிற பாதிப் பேருக்கு மகள் வயசு. ஆனாலும் எல்லாருக்கும் அவள் டீச்சர்தான்.

ஷாஹிதா அவருடைய இலையை இரண்டு கையாலும் பிடித்து, நுனி வலப்பக்கம் வருமாறு அப்படியே திருப்பி வைத்தாள்.

உப்பு. மாங்காய் ஊறுகாய். கேசரி. அப்பளம்.

அம்பலவாணன் பார்த்தார்.

"இப்பத்தான் கொண்டாந்து வச்சீங்களாக்கும்?"

"இல்லை ஐயா."

"அது கிடக்கட்டும். நுனி வலப்பக்கம் வரலாமாம்மா? விசேஷ வீட்டுல இப்படி இலை போட்டா அடிக்க வருவாங்க."

சொல்லிவிட்டுக் கேசரியைச் சாப்பிட்டார். ஷாஹிதா சிரித்துவிட்டாள். பாடம் அன்றைக்கு அவ்வளவுதான்.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"உப்பு கிடக்குது டீச்சரம்மா. எம் பொஞ்சாதி செய்யறதுதான் தாங்கலை."

"என்ன செய்யறாங்க?"

"வர்றா. எதிர்ல நின்னு மூஞ்சியைக் காட்டுறா. 'சாப்பிட்டீங்களா'ங்கிறா. அடுத்த நிமிஷம் ஆளைக் காணோம். தினமும் இதே கூத்து. முப்பது வருஷம் குடித்தனம் பண்ணினவ, புருஷன் தலை உடைஞ்சு கிடக்கிறப்ப பக்கத்துல ஒரு நாழி உட்கார மாட்டேங்கிறா. என்னைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கலை."

மனைவி வள்ளிக்கண்ணு அவருக்கு இடப்பக்கம், ஒரு முழத் தூரத்தில், ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதனால ஒரு முடிவு பண்ணிட்டேன்" என்றார் அம்பலவாணன். "திங்கக்கிழமை இங்கேருந்து அனுப்புறீங்கல்ல? தம்பியைக் கார் கொண்டாரச் சொல்லிட்டேன். அவன் வீட்டுக்கே போயிடறேன். அவளுக்கு வேண்டாத ஆளு அவ வீட்டுல எதுக்கு?"

"நான் இங்கதானேங்க இருக்கேன்!" என்றாள் வள்ளிக்கண்ணு. பொறுக்கமுடியாமல் கத்தியே விட்டாள்.

அவர் வலப்பக்கம் திரும்பினார். அங்கே ஜன்னல் இருந்தது.

"பார்த்தீங்களா? வாசல்ல நின்னு குரல் மட்டும் கொடுக்கிறா" என்றார்.

அன்று சாயங்காலம் வள்ளிக்கண்ணு ஷாஹிதாவின் அறைக்கு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"நீ சொன்னேன்னுதாம்மா இடப்பக்கம் உட்கார்ந்தேன். எம் பக்கம் திரும்பிப் பழகட்டும்னு சொன்னே. அவர் என்னையே வேண்டாங்கிறாரே. நான் வலப்பக்கமே இருந்துக்கிறேன். அவர் கண்ணுல பட்டாப் போதும் எனக்கு."

"இருங்களேன்."

"நிசமாவா?"

"நீங்க வலப்பக்கம் இருங்க. ரோட்டுல லாரியும் வலப்பக்கமாவே வருமா?"

வள்ளிக்கண்ணு தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எத்தனை தடவை எடுத்துச் சொல்லியாச்சு" என்றாள் பிறகு. "உங்களுக்கு ஒரு பக்கம் தெரியலைங்கன்னா, 'உனக்குத்தான் தெரியலை, போடி'ங்கிறார். திரும்புங்கன்னா திரும்புறார். மறு நிமிஷம் மறந்துடுறார்."

"சாப்பிட வந்தவர்கிட்ட சொல்லியிருக்கோம்" என்றாள் ஷாஹிதா. "அதான் ஏறலை."

"பின்னே யாருகிட்ட சொல்றது?"

ஷாஹிதா உடனே சமையல்காரரைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு வடை பாயசத்தோடு விருந்து வைக்கச் சொன்னாள்.

ஞாயிறு மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் நீள மேஜைகள் இரண்டு வரிசையாகப் போடப்பட்டன. நடுவே நடக்க வழி. வரிசைக்குப் பத்துப் பேர். எல்லாரும் இல்லத்து ஆட்கள், அவர்களோடு வந்திருக்கும் சொந்தக்காரர்கள். வாசலிலிருந்து பார்த்தால் இடது வரிசையின் நடுவில் வள்ளிக்கண்ணு.

வாசலில் அம்பலவாணன், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு.

"ஐயா, இன்னிக்குப் பந்தி விசாரிப்பு நீங்கதான்" என்றாள் ஷாஹிதா. "நீங்க கைகாட்டுற இலைக்குத்தான் பரிமாறுவாங்க. உங்க வார்த்தை இல்லாம ஒரு பருக்கை விழாது."

அவர் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார். நோயாளி எங்கே போனார் என்று தெரியவில்லை.

"உப்பு எங்கப்பா? முதல்ல உப்பு! ஊறுகாயை ஏன் அள்ளிக் கொட்டுறே, தொட்டு வை. கூட்டுக்காரன் யாரு? நட, நட!"

வாளிக்காரர்கள் அவர் பின்னால் ஓடினார்கள். அவர் கோலை ஊன்றி மெதுவாக நடந்தார். கண் மட்டும் பருந்து மாதிரி. யாருக்குப் பருப்புப் பொடி ஆகாது, எந்த அம்மாவுக்கு இன்னொரு வடை வேண்டும் என்று முகத்தைப் பார்த்தே சொன்னார். ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. வலது வரிசை முழுக்க.

இடது வரிசையில் பத்து இலையும் தண்ணீர் தெளித்தபடி பச்சையாகக் கிடந்தன.

அந்த வரிசையில் சேவுகன் என்று ஒரு லாரி டிரைவர். அவருக்கும் தலையில் அடிதான், ஆனால் பசி விஷயத்தில் மூளை கெட்டியாக இருந்தது.

"டீச்சர், பாடம் அவருக்கு, பட்டினி எங்களுக்கா?"

"பத்து நிமிஷம் சேவுகண்ணே."

"சாம்பார் வாசனை ஆளைக் கொல்லுது!"

அம்பலவாணன் காதில் அது விழுந்தது. வலது வரிசையைப் பார்த்தார்.

"யாரப்பா அது சாம்பார் கேட்டது? எல்லா இலையிலயும் இருக்கே!"

பாயசம் வரைக்கும் பார்த்துப் பார்த்துப் போட்டார். கடைசி ஆளிடம் குனிந்து, "போதுமாங்க?" என்றார். போதும் என்றார்கள். கூடத்தின் கோடிச் சுவர் வந்துவிட்டது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"டீச்சரம்மா, பந்தி நிறைஞ்சுது. ஒரு குறை கிடையாது."

"அப்ப வாசலுக்குப் போகலாம் ஐயா" என்றாள் ஷாஹிதா.

அவர் திரும்பினார்.

வந்தபோது இடப்பக்கம் இருந்த வரிசை இப்போது அவருக்கு வலப்பக்கம் இருந்தது. பத்து வெறும் இலை. பத்து முகம்.

இரண்டடி வைத்தார். நின்றுவிட்டார்.

"என்னப்பா இது?"

வாளிக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"ஒரு பருக்கை இல்லை! பக்கத்துல விருந்து நடக்குது, இவங்க வெறும் இலையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க! மனுஷங்களா நீங்க?"

நிஜமாகவே அவருக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

"பரிமாறுறவனைச் சொல்லிக் குத்தமில்லை. இலை காலியாக் கிடந்தா விசாரிப்புக்காரனைத்தான் செருப்பால அடிக்கணும். யாருடா இந்தப் பந்திக்கு விசாரிப்பு? கூப்பிடு அவனை!"

சேவுகன்கூட வாயைத் திறக்கவில்லை. ஷாஹிதா சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள்.

"நீங்கதாங்க" என்றாள் வள்ளிக்கண்ணு.

அவர் பார்வை வரிசையில் நகர்ந்து அவள்மேல் நின்றது. அவளுடைய வெறும் இலை. அவளுடைய முகம்.

"நீ எப்ப வந்தே?"

"எல்லாரோடயும்தான் வந்து உட்கார்ந்தேன்."

"பொய் சொல்லாதே. இந்த வழியாத்தானே நடந்தேன். முழுப் பந்தியும் நான் விசாரிச்சேன். நம்பலைன்னா அந்த வரிசையைப் போய்ப் பாரு, பாயசம் வரைக்கும்…"

காட்டுவதற்காகக் கையைத் தூக்கினார்.

கை நின்றுவிட்டது.

"எங்க அவங்க?"

தூக்கிய கையை இறக்கினார்.

"இப்பத்தானே பரிமாறினேன். பத்துப் பேரு. கண்ணாடி போட்ட அம்மா ஒண்ணு, இன்னொரு வடை கேட்டுச்சு. எங்க போயிட்டாங்க எல்லாரும்?"

எங்கோ ஒருவர் அப்பளம் நொறுக்குகிற சத்தம் கேட்டது. அவர் வலப்பக்கம் தேடினார். மேலே பார்த்தார். பின்னால் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று. அந்த மாதிரி பயந்து அவரை வள்ளிக்கண்ணு பார்த்ததே இல்லை. எழுந்து ஓடிப்போய்த் தாங்கிக்கொள்ளலாம் என்று கால் துடித்தது. ஷாஹிதாவைப் பார்த்தாள். ஷாஹிதா அசையவில்லை.

"திரும்புங்க" என்றாள் வள்ளிக்கண்ணு, இருந்த இடத்திலிருந்தே.

திரும்பினார்.

"இன்னும்."

கழுத்து மட்டும் திரும்பியது.

"இன்னும் கொஞ்சங்க. இந்தப் பக்கம் இல்லை. அந்தப் பக்கம். இன்னும்."

கோலை மாற்றி ஊன்றி, இடுப்போடு திரும்பினார். கண்ணாடி போட்ட அம்மாள் வடையைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளை அடுத்து ஒன்பது பேர். பத்துப் பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு மெதுவாக, வந்த வழியே, மனைவி இருந்த பக்கம் திரும்பினார். அவள் முன்னால் வந்து நின்றார்.

"எத்தனை நாளா என் பக்கத்துல உட்கார்ந்திருக்கே?"

"அறுபத்துமூணு நாளாங்க" என்றாள் வள்ளிக்கண்ணு.