ஆர்னோமலையானும் பேலோமலையானும்

கேளுங்கள் பிள்ளைகளே. ரொம்பக் காலத்துக்கு முன்னால் யவன தேசத்தில், சாமி எந்த மலையில் குடியிருந்தாரோ அந்த மலையின் பெயரையே சாமிக்கும் சூட்டுவார்கள். ஜீயஸ் என்கிற ஒரே சாமிதான். மலைக்கு மலை அவருக்கு வேறு பெயர்.

அங்கே ஒரு மலை. கிழக்கூரார் அதை ஆர்னோ என்றார்கள். மேற்கூரார் பேலோ என்றார்கள். அதனால் சாமியும் அந்தப் பக்கத்தில் ஆர்னோமலையான், இந்தப் பக்கத்தில் பேலோமலையான். உச்சியில் பலிபீடம் ஒன்றுதான். திருவிழா மட்டும் இரண்டு. ஆண்டு தவறாமல் சண்டையும் உண்டு.

மலையில் மாட்டிக்கொண்டவன் சாமியைக் கூவினால், கேட்டவர் கயிறெடுத்து ஓட வேண்டும். இது இரண்டு ஊருக்கும் பொதுவான வழக்கம்.

ஒரு பனிக்காலத்தில் தியோன் என்ற கிழக்கூர் ஆட்டுக்காரன், தப்பிப்போன கிடாயைத் தேடி மேற்குச் சரிவுக்கு வந்தான். பாறை இடுக்கில் விழுந்து கால் முறிந்தது. மேலே பனி கொட்டியது.

"ஆர்னோமலையானே!" என்று கூவினான்.

கீழே ஆட்டுப்பட்டியில் மேற்கூர்ப் பெண் பிலினாவும் அவள் தம்பி கோரிதோனும் இருந்தார்கள்.

"அது அவங்க சாமி, அக்கா. அவரே வந்து தூக்கட்டும்" என்றான் தம்பி.

யாரும் வராததைக் கண்டு தியோன் யோசித்தான். பிறகு, "பேலோமலையானே!" என்று கூவினான்.

கோரிதோன் சிரித்தான். "உசிருக்கு வந்ததும் கட்சி மாறுறான் பாரு! நம்ம சாமி ஏமாறுவாரா?"

பிலினா கையிலிருந்த பால்செம்பைக் கீழே வைத்தாள்.

மூன்றாம் முறை குரல் பாதியாகத்தான் வந்தது. "மலையானே..."

"எந்த மலையான்னு சொல்லலியே" என்றான் தம்பி.

"பேர் சொல்ல அவனுக்கு மூச்சில்லடா. நீ கேட்டு முடிக்கறதுக்குள்ள அதுவும் நின்னுடும்." கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் நடந்தாள்.

"ஒத்தையா எப்படிக்கா இழுப்ப?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவனும் போனான்.

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். விறைத்துப்போனவனைக் கோரிதோன் முதுகில் சுமந்து இறங்கினான். பாதி வழியில் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"இப்பச் சொல்லுய்யா. இது எந்த மலை?"

தியோன் அவன் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டான். "என்னைக் கீழே போடாம இருந்தா, நீ சொல்ற மலைதாம்பா!"

பிலினா சிரித்துவிட்டாள். தம்பியும் சிரித்தான், ஆனால் பிடியை விடவில்லை.

ஆகையால் பிள்ளைகளே, ஆபத்தில் அலறுகிறவனிடம் அவன் கும்பிடுகிற சாமியின் பெயரை விசாரித்து நிற்காமல் முதலில் கைகொடுக்க வேண்டும்.